டெர்மினேட்டருக்குச் சந்தனப் பொட்டு

விஜயதசமி காலை. ஏழு மணி இருக்கும். ஆவடி பஜாரில் ஒரு மாடி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஏசி அறைக்குள் நான் மட்டும் நிற்கிறேன். சந்தனம், சாம்பிராணி, வாழைப்பழம் மூன்றும் கலந்து, இது கோயிலா கம்ப்யூட்டர் சென்டரா என்று கேட்க வைக்கிற ஒரு வாசனை. ஒவ்வொரு மானிட்டருக்கும் நெற்றியில் பொட்டு, தலையில் சாமந்தி. கீபோர்டு இடுக்கெல்லாம் பொரி.

சர்வரை ஆன் பண்ணினேன். நல்ல பிள்ளையாக எழுந்தது. மற்ற கம்ப்யூட்டர்களையும் வரிசையாக ஆன் பண்ணினேன். எல்லாம் எழுந்தன. ஆனால் ஒன்றுகூட சர்வரைக் கண்டுகொள்ளவில்லை. சர்வரைக் காணோம், சர்வரைக் காணோம் என்று ஒவ்வொரு திரையும் அதே பல்லவியைப் பாடியது.

நேற்று காலை பூஜைக்கு முன்னால் பார்த்தபோது எல்லாம் ஜோராக ஓடியதே! ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர்கள் வரப்போகிறார்கள். அவர்களோடு என் அப்பாவும் வரப்போகிறார். மற்றவர்களைச் சமாளித்துவிடலாம். அப்பாவை முடியாது.

நான் இந்தச் சென்டரில் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் இங்கே எழுதியதும் ஒரு வாசகி, "எல்லாம் சரி, உங்க அப்பா கடைசியில ஒத்துக்கிட்டாரா இல்லையா? அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே" என்று கோபித்துக்கொண்டிருந்தார். சொல்கிறேன் தாயே. அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது இந்த விஜயதசமியன்றுதான்.

அப்பா போட்ட கண்டிஷன்

அப்பா பெயர் சவரிமுத்து. ராணுவ டாங்க் செய்கிற தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு ஆவடிக்கு வந்து, குவார்ட்டர்ஸில் குடியேறி, அங்கேயே வேரூன்றியவர். மாதா கோயிலில் பூசைக்கு முதல் ஆளாகப் போய் உட்காருவார். சத்தமாகப் பேச மாட்டார். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் ரயிலே வந்தாலும் நகர மாட்டார்.

அவருக்குக் கம்ப்யூட்டர் மேல் பகை கிடையாது. தனியார் வேலை மேல்தான் பயம். "மாடியில வாடகைக்கு ரெண்டு ரூம் எடுத்து நடத்துறாங்க. நாளைக்கே ஷட்டரை இறக்கிட்டா நீ என்ன பண்ணுவே?" என்பார். நியாயமான கேள்விதான். அதனாலேயே எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அந்தச் சமயம் பார்த்துத் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அப்பா அப்ளிகேஷனை வாங்கி, அவரே பொடி எழுத்தில் நிரப்பி, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, ரேடியோப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் கண்ணில் படும். எழுந்தால் கண்ணில் படும்.

"நீ என்ன வேலை பண்றேன்னு யாராவது கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. விஜயதசமிக்கு அட்மிஷன் போடுறாங்கன்னியே, அன்னிக்கு வந்து பாக்குறேன். இது ஒரு வேலைதான்னு என் கண்ணுக்குப் பட்டா சரி. இல்லேன்னா மறுநாள் கையெழுத்துப் போட்டுரணும்."

போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? டைப்பிங்கில் நான் ஹையர் பாஸ். ஆனால் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து, வேறு யாரோ எழுதியதை ஆயுசுக்கும் தட்டிக்கொண்டிருப்பதை நினைத்தாலே அழுகை வரும். சென்டரில் நான் வாயைத் திறந்தால் எதிரே நாலு பேருக்கு ஒரு விஷயம் புரிந்தது. அந்தச் சுகம் எனக்கு அதுவரை எங்கேயும் கிடைத்ததில்லை.

நெட்வொர்க் என்றால் இன்னா மிஸ்?

சென்டரை நடத்தியவர் கோதண்டம் சார். விமானப்படையில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் வயர்லெஸ்ஸில் பேசுவது போலவேதான் பேசுவார். காபி வந்தால் "ரிசீவ்டு" என்பார். எதிரிக்குக்கூட அஞ்சாத அவர், அஞ்சுகிற ஒரே ஆள் அவர் மனைவி மங்கை அக்கா.

கோதண்டம் சார் சேமிப்பையெல்லாம் கொட்டி ஒரு சர்வர் வாங்கி, மற்ற கம்ப்யூட்டர்களை அதோடு ஒரே கேபிளில் கோத்திருந்தார். ஆவடி வட்டாரத்திலேயே நெட்வொர்க் சொல்லிக்கொடுக்கிற முதல் சென்டர் எங்களுடையதுதான் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார். சொல்லிக்கொடுக்கப் போகிறவள் நான். புத்தகமோ முழுக்க இங்கிலீஷ். படித்தால் எனக்கே தலை சுற்றும். அதனால் எல்லாவற்றையும் ஆவடிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"நெட்வொர்க்னா இன்னா மிஸ்?" என்று முதலில் கேட்டவர் எங்கள் ஆபீஸ் அட்டெண்டர் சேகர். அண்ணனூர்க்காரர். "நாலு ஊட்டுக்கு ஒரு குழாய் போட்டா மாரியா?"

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். சர்வர் என்றால் ரேஷன் கடை, சாமானெல்லாம் அங்கேதான் இருக்கும், கேட்டால் கொடுக்கும். மற்ற கம்ப்யூட்டர்களெல்லாம் கார்டு வைத்திருக்கிற குடும்பங்கள். ப்ரோட்டோகால் என்றால் ஃபோனை எடுத்ததும் ஹலோ சொல்லி, யார் பேசுவது என்று கேட்டு, அப்புறம் விஷயத்துக்கு வருகிற மரியாதை. ப்ராட்காஸ்ட் என்றால் தொழிற்சாலைச் சங்கு. யாருக்கென்று தனியாகப் பெயர் சொல்லாது, ஊதினால் ஊருக்கே கேட்கும்.

"அப்ப எங்க மாமியாரு ப்ராட்காஸ்ட் மிஸ்" என்றார் சேகர்.

அம்மாவும் கிராஸ் டாக்கும்

மோதல், அதாவது கொலிஷன் என்று ஒரு சமாசாரம். அதைப் புரியவைக்க எனக்கு எங்கள் அம்மா கை கொடுத்தார்.

எண்பதுகளில் எங்கள் பிளாக்கிலேயே ஒரு வீட்டில்தான் ஃபோன். சூப்பர்வைசர் வீடு. அந்த நம்பரைத்தான், பக்கத்து வீட்டு ஃபோன் என்பதற்கு அடையாளமாக பி.பி. என்று போட்டு எங்கள் எல்லார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் அச்சடிப்போம். ஃபோன் வந்தால் அந்த வீட்டம்மா பால்கனியில் நின்று கூப்பிடுவார். அடுப்பை அணைத்துவிட்டு ஓட வேண்டும். நாம் பேசுவதை அந்த வீட்டில் எல்லாரும் டீவியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

ஒரு தடவை அம்மா பூந்தமல்லியில் இருக்கிற சித்திக்குப் பேசப் போனார். லைன் கிடைத்ததும் கிராஸ் டாக். வேறு யாரோ இரண்டு பெண்கள் மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி, புளியைக் கடைசியில் ஊற்றணும் என்கிறாள். எங்கள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கடைசியில ஊத்துனா பச்சை வாசனை போகாதுங்க" என்று நடுவில் புகுந்துவிட்டார்.

அவ்வளவுதான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச, ஒன்றும் புரியாமல் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிறுத்த, கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்க! ஒரே கேபிளில் கம்ப்யூட்டர்கள் பண்ணுவதும் இதேதான். இரண்டு ஒரே சமயத்தில் பேசினால் மோதிக்கொள்ளும். உடனே இரண்டும் வாயை மூடிவிட்டு, ஆளுக்கொரு நேரம் காத்திருந்து திரும்பப் பேசும். எங்கள் அம்மாவைவிட அவற்றுக்குப் பொறுமை ஜாஸ்தி என்று சொல்வேன். வகுப்பு சிரிக்கும். மறக்கவும் மறக்காது.

கடைசியாக, அந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மூடி இருக்கும். வெள்ளி மாதிரி பளபளவென்று இருக்கும். அதற்குப் பெயர் டெர்மினேட்டர். அதைக் கையில் பிடித்துக் காட்டி வகுப்பில் ஒரு நாள் அடித்துப் பேசினேன். "சர்வர்தான் பெருசுன்னு நினைக்காதீங்க. இந்தச் சின்ன மூடி இல்லேன்னா மொத்த நெட்வொர்க்கும் அவுட். இதுதான் இங்க முக்கியம்!"

அன்றைக்கு மங்கை அக்கா கதவோரமாக நின்று பூ கட்டிக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனித்தேனா என்ன?

அய்யர் வந்தால்தான்

இப்போது அந்த விஜயதசமிக் காலைக்கு வருகிறேன். கேபிளை ஒவ்வொரு மெஷினாகத் தடவிக்கொண்டே போனேன். ஜன்னலோரத்தில் இருக்கிற கடைசி மெஷினுக்குப் போனால், கேபிள் முனை மொட்டையாக நிற்கிறது. மூடியைக் காணோம்!

மேஜைக்கடியில் தவழ்ந்தேன். குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். ஸ்பேர் ஒன்று டிராயரில் இருக்குமே என்று திறந்தால், டிராயரே துடைத்து வைத்த மாதிரி காலி. அப்போதுதான் மங்கை அக்கா பூக்கூடையோடு படியேறி வந்தார்.

"என்னத்த தேடுற லூர்து?"

"டெர்மினேட்டர் அக்கா. சின்ன மூடி. இங்க இருந்துச்சு."

"அதுவா? அது சாமிகிட்ட இருக்கே" என்றார், ரொம்ப சந்தோஷமாக.

பக்கத்து அறையில் சரஸ்வதி படம். அதற்கு முன்னால் மணையில் புத்தகங்கள், ஃபிளாப்பி டப்பா, ஸ்குரூடிரைவர், சோல்டரிங் அயர்ன், மீட்டர், குறடு. எல்லாவற்றுக்கும் மேலே, குங்குமம் வைக்கிற வெள்ளித் தட்டில், சந்தனப் பொட்டும் ஒரு அட்சதையுமாக, என் டெர்மினேட்டரும் ஸ்பேரும் ராஜா ராணி மாதிரி உட்கார்ந்திருக்கின்றன.

"நீதானே சொன்னே, எல்லாத்தையும்விட அதுதான் முக்கியம்னு? அதான் அதுக்குத் தனித் தட்டு."

எடுத்துக்கொள்ளட்டுமா என்று கையை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டார். மெஷின்களுக்கு அங்கங்கேயே பூஜை போட்டு, அய்யர் நேற்றே ஆரத்தி காட்டி முடித்துவிட்டார், அவற்றை ஓட்டலாம். ஆனால் சரஸ்வதி முன்னால் அடுக்கியதை அய்யர் திரும்ப வந்து பூஜை பண்ணி நகர்த்தும்வரை தொடக்கூடாது. அய்யர் எப்போது வருவார்? அவருக்குப் பூந்தமல்லியிலிருந்து ஆரம்பித்து வழியெல்லாம் கடைகள். இங்கே வர மத்தியானம் ஆகும். அட்மிஷன் போட நல்ல நேரமோ பத்தரைக்குள் முடிகிறது.

"போன வருஷம் அய்யர் வர்றதுக்கு முன்னாடி யாரோ ஃபிளாப்பியை எடுத்தாங்க. மறு வாரமே ஹார்டு டிஸ்க் போச்சா இல்லையா?" என்றார் அக்கா. போனது உண்மைதான்.

கோதண்டம் சார் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். தட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மெசேஜ் ரிசீவ்டு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அந்த வீரரிடமிருந்து ஒரு சிக்னலும் வரவில்லை.

சரி, அந்த மூடிக்குள் இருப்பது ஒரு ரெசிஸ்டர்தானே, ரேடியோக் கடையில் வாங்கிச் சமாளிக்கலாம் என்று சேகரை அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"பஜார் பூரா பூட்டிக்கீது மிஸ். ஒரே ஒரு ரேடியோக் கடை தொறந்து கீது. ஆனா அந்த அண்ணாத்தே எல்லா சாமானையும் சாமி முன்னாடி வச்சிட்டு வெளியில குந்திகினுகிறாரு. ஒரு ஸ்குரூகூட இன்னிக்கு நகராதுன்றாரு."

வருஷம் பூரா சுத்தியலும் வெல்டிங்குமாக அலறுகிற ஊர், அன்றைக்கு ஒரு திருப்புளிக்கும் வழியில்லாமல் நின்றது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு விட்டேன்.

சூசையப்பர் முன்னால்

வீட்டில் ஒரு நப்பாசை. அப்பாவிடம் டூல்ஸ் பெட்டி இருக்கிறது. நாங்கள் கிறிஸ்தவர்கள். அதனால் பெட்டி சும்மாதான் இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை!

எங்கள் குவார்ட்டர்ஸில் ஆயுத பூஜை எந்த மதத்துக்கும் தனிச் சொத்து கிடையாது. தொழிற்சாலை ஷாப்பில் லேத்துக்கும் கிரேனுக்கும் மாலை போடுகிற அன்றைக்கு அப்பாவும் அவருடைய பேனல் போர்டுக்குச் சந்தனம் வைப்பார். அந்தப் பொரியையும் சுண்டலையும் வீட்டுக்குக் கொண்டுவருவார். அதோடு விடாமல், வீட்டுப் பெட்டியையும் துடைத்து, எண்ணெய் போட்டு, தொழிலாளிகளின் காவலரான சூசையப்பர் படத்துக்கு முன்னால் வைத்து ஒரு முழம் பூ சுற்றிவிடுவார். திரும்ப வேலைக்குப் போகிற அன்றைக்குத்தான் திறப்பார்.

"கரண்ட்டுல கை வைக்கிற வேலை. வருஷம் பூரா என் கையைக் காப்பாத்துற சாமான் இது. ரெண்டு நாள் உக்காரட்டுமே" என்பார். ஒரு வருஷம் விஜயதசமியன்று எதிர்வீட்டு மிக்ஸி புகைந்துபோய், அந்த அம்மா வாசலில் நின்று கெஞ்சியும் அப்பா திறக்கவில்லை. எங்கள் வீட்டு அம்மியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்கள் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

நான் போனபோது அப்பா தயாராக இருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் பவுடர். "என்னம்மா, நீ இந்நேரம் அங்க இல்ல இருக்கணும்?" என்றார்.

அவ்வளவுதான், குடம் உடைந்த மாதிரி அழுதுவிட்டேன். விக்கலுக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, தட்டு, அய்யர், பூட்டிக் கிடக்கிற பஜார். கடைசியில், "நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்ப்பா. நீங்க அங்க வராதீங்க. அத்தனை பேர் முன்னாடி நீங்க அதைப் பாக்க வேணாம்" என்றேன்.

பெட்டியைத் திறங்கள் என்று நான் கேட்கவில்லை.

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். அப்புறம், "என்னென்ன வேணும்?" என்றார்.

"சோல்டரிங் அயர்ன். நூறு ஓம் ரெசிஸ்டர் ரெண்டு. மீட்டர்."

அப்பா போய்ப் பெட்டியிலிருந்த பூவைக் கழற்றினார். அதைச் சூசையப்பர் படத்துக்கு மாட்டினார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அடுப்படியிலிருந்து அம்மா, "என்னங்க இது!" என்று ஓடிவந்தார்.

"சூசையப்பரும் தச்சர்தான். அவசர வேலைன்னா அவருக்குத் தெரியாதா? ஏதாவது கேட்டாருன்னா நான் சொல்லிக்கிறேன்" என்று பெட்டியைத் திறந்துவிட்டார்.

பிடிக்கிறவர் அப்பா

வகுப்பில் காட்டுவதற்காக, நுனியில் பிளக் வைத்த ஒரு சாண் கேபிள் துண்டை வீட்டில் வைத்திருந்தேன். அதன் அறுந்த பக்கத்தில் இரண்டு ரெசிஸ்டரையும் இணையாகப் பற்றவைத்தால் போதும். நூறும் நூறும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஐம்பதாகிவிடும். டெர்மினேட்டருக்குள் இருப்பதும் அதே ஐம்பதுதான்.

அயர்ன் சூடானதும் அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இந்த வயர் எனக்குப் பழக்கமில்ல. நீ பத்த வை. நான் பிடிச்சுக்கிறேன்."

இரண்டு ஆள் உயரத்துக்கு இருக்கிற போர்டுகளைக் கழற்றி மாட்டுகிற மனுஷன், எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குறடால் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஆடவே இல்லை.

"இது இல்லேன்னா என்ன ஆகும்?" என்றார்.

"காலியான கல்யாண மண்டபத்துல நின்னு கத்தினா எதிரொலி வருமில்லப்பா? அதே மாதிரி சிக்னல் முனை வரைக்கும் போய், முட்டித் திரும்பி வந்துரும். புதுசா வர்ற சிக்னலோட கலந்து எல்லாம் குழம்பிரும். இது முனையில இருந்தா, வந்த சிக்னலை அப்படியே விழுங்கிரும். திருப்பி அனுப்பாது."

"அப்ப வேலைன்னு ஒண்ணும் பண்ண வேணாம். கடைசியில சும்மா உக்காந்து, வர்றதையெல்லாம் விழுங்கினா போதும்?"

"ஆமாப்பா."

"எங்க ஷாப்புலயும் அப்படி ஒருத்தர் இருக்கார்" என்றார். "அவர் லீவு போட்டாத்தான் எங்களுக்கும் அவர் அருமை தெரியும்."

அழுதுகொண்டிருந்தவள் கெக்கேபிக்கே என்று சிரித்துவிட்டேன். ஒரு சொட்டு ஈயம் தெறித்து அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்து ஓட்டை போட்டது. மீட்டரை வைத்துப் பார்த்தோம். முள் ஐம்பதில் வந்து நின்றது. அப்பா மீட்டரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சைக்கிளை அப்பா மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து அந்தத் துண்டைக் கைக்குட்டையில் பொத்திக்கொண்டு சென்டருக்கு வந்து சேர்ந்தோம். படியெல்லாம் செருப்பு. பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். கோதண்டம் சார் அவர்களுக்கு விமானப்படைக் கதை சொல்லி நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஜன்னலோரம் ஓடினேன். மங்கை அக்கா குறுக்கே வந்தார். போச்சுடா என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த துண்டைப் பார்த்து, சந்தனக் கிண்ணத்தைத் தேடி எடுத்து, "இதுக்கும் ஒரு பொட்டு வச்சுட்டு மாட்டு" என்றார். வைத்தேன். மாட்டினேன். எல்லா மெஷினையும் திரும்ப ஆன் பண்ணினேன்.

ஒன்றன் பின் ஒன்றாக எல்லாத் திரையும் சர்வரைக் கண்டுபிடித்தன. "லைன் கிளியர்!" என்று கோதண்டம் சார் போட்ட சத்தத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது.

எல்லாத் திரையிலும்

ரேஷன் கடை, மரியாதை என்று நான் பாட்டுக்குப் பேசினேன். அறை சிரித்தது. சர்வரில் இருக்கிற ஒரு பாடத்தை ஒரே சமயத்தில் எல்லா மெஷினிலும் திறந்து காட்டினேன். அப்புறம் என் மெஷினிலிருந்து வணக்கம் என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து எல்லாருக்கும் அனுப்பினேன். எல்லாத் திரையின் அடியிலும் ஒரே நேரத்தில் வணக்கம் வந்து நின்றது. ஒரு அம்மா, "அட, இது இந்த வயருக்குள்ளயா போச்சு?" என்று கேபிளைத் தொட்டுப் பார்த்தார்.

அப்பா ஜன்னலோர மெஷின் பக்கம் நின்று, "பாத்து, பாத்து, அதை மிதிச்சிராதீங்க" என்று எங்கள் ரெசிஸ்டருக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"பெற்றோர்ல யாராவது ஒருத்தர் அனுப்பிப் பாருங்க" என்றார் கோதண்டம் சார். யாரும் அசையவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா கையைத் தூக்கினார்.

வந்து நின்ற வணக்கத்தையெல்லாம் அழித்துவிட்டு, எல்லாருக்கும் அனுப்பு என்கிற கட்டளையைச் சேகர் முன்பே அந்த ஜன்னலோர மெஷினில் அடித்து வைத்திருந்தார். நடுவில் விஷயத்தை மட்டும் போட்டால் போதும். அப்பா உட்கார்ந்தார். ஒற்றை விரல். ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். ஒன்றை அடித்ததும் அடுத்ததற்குக் கீபோர்டு முழுக்க ஒரு சுற்று. நான் என் மெஷினிலேயே நின்றேன். அவர் என்ன அடிக்கிறார் என்று எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியில் என்டரைத் தட்டினார்.

என் திரையின் அடியில் ஒரு வரி. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"லூர்து டைப்பிஸ்ட் வேலை வேண்டாம். இங்கேயே இரு. அப்பா."

என் திரையில் மட்டுமல்ல, எல்லாத் திரையிலும். சர்வரில், ஜன்னலோரத்தில், கோதண்டம் சாருக்கு முன்னால், யாரென்றே எனக்குத் தெரியாத அத்தனை அம்மா அப்பாக்களுக்கு முன்னால். ஒருவர் வாய்விட்டுப் படித்தார். அப்புறம் இன்னொருவர் படித்தார். மங்கை அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து, சட்டையில் விழுந்த ஓட்டையை விரலால் மறைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அப்படி ஒரு மெசேஜ் வந்துவிட்டால் அந்த மெஷின் அதோடு நின்றுவிடும். கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால்தான் வரி அழியும், திரை நகரும். சேகர் மெஷின் மெஷினாகப் போய் அழுத்திக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் கையை நீட்டினார்.

"இத்த வுட்ருங்க சேகர்" என்றேன், அவர் பாஷையிலேயே.

அவர் விட்டுவிட்டார். அட்மிஷன் நடந்தது, அய்யர் வந்தார், பூஜை முடிந்தது. சாயங்காலம் கரண்ட் போகிறவரை என் மெஷினில் நான் வேறு ஒரு வேலையும் செய்யவில்லை.